கவனத்தில் கொள்கிறோம்

அமைச்சர் பரானிகோ கெட்ட வார்த்தையில் ஆரம்பிப்பார்.
நான் அதை 'மேன்மை தங்கிய' என்று தட்டச்சு செய்வேன்.
பதினாறு வருடமாக இதுதான் என் வேலை.
காயல் பக்கம் ஜன்னல்,
உப்பு அரித்த மின்விசிறி,
ஓர் எழுத்து மட்டும் சிக்கிக்கொள்ளும் விசைப்பலகை.

இன்று பெரிய நாட்டின் தூதர் வருகிறார்.
ஐந்து தீவு நாடுகளுக்கும் ஒரே ஆள்,
எங்கள் பங்கு வருடத்தில் இரண்டு நாள்.
வியாழக்கிழமை நியூயார்க்கில் வாக்கெடுப்பு.
அந்த மண்டபத்தில் மட்டும்
எங்கள் கையும் அவர்கள் கையும் ஒரே அளவு.

விமானம் இறங்கிவிட்டது என்றேன்.
காலையில் ஒருமுறை மழித்த முகத்தை
மறுபடி மழித்துக்கொண்டிருந்தார் அமைச்சர்.
"உட்காரட்டும்."

உட்கார்ந்தார், பிளாஸ்டிக் நாற்காலியில்.
இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.
நல்ல மனிதர்தான், பொய் சொல்வானேன்.
'மௌரி' என்று எங்கள் மொழியில் வணக்கம் சொன்னார்,
அழுத்தம்தான் தப்பான இடத்தில்.
அரை மணி. முக்கால்.
கடிகாரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை;
பார்க்காமலிருக்கப் பயிற்சி எடுத்தவர்.

உள்ளே அமைச்சர் சும்மாதான் இருந்தார்.

எனக்குத் தெரியும் அந்தக் கதை.
மகள் ரோத்தியாவுக்கு ஆறு வயது, இதயத்தில் கோளாறு.
வைத்தியம் வேறு நாட்டில்;
வழி மட்டும் அவர்கள் விமான நிலையம்.
காகிதத்தில் ஒரு முத்திரை குறைந்தது.
ஜன்னலில்லாத அறையில் பதினோரு மணி நேரம்.
மனைவி கட்டிக்கொடுத்த கருவாட்டை
கையுறை போட்டவன் இரண்டு விரலால் தூக்கி
குப்பைக்கூடையில் விட்டான்.
குழந்தை கேட்டதாம்:
அப்பா, நம்ம மேல நாத்தமா?

பிழைத்துக்கொண்டாள். இப்போது வங்கியில் இருக்கிறாள்.
அப்படி ஒன்று நடந்ததாக ஞாபகமே இல்லை என்கிறாள்.

தூதர் படகுத்துறையைப் பற்றிப் பேசினார்.
வெளித்தீவுக்குக் கான்கிரீட் துறை, இரண்டு விளக்குக் கம்பம்.
வியாழக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை;
அதனால் அறை முழுக்க வியாழக்கிழமையாகவே இருந்தது.
அமைச்சர் சிரித்தார், நன்றி சொன்னார்,
வாசல்வரை வந்து வழியனுப்பினார்.
கார் கிளம்பிய பிறகு அவர் சொன்னதில்
தூதரின் பரம்பரையும் ஒரு திருக்கை மீனும் வந்தன.
நான் தட்டச்சு செய்தேன்:
'தங்கள் கருத்தை எமது அரசு கவனத்தில் கொள்கிறது.'

வியாழன். எங்கள் பெயருக்கு எதிரே மஞ்சள் விளக்கு.
ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.
எங்களோடு இன்னும் பதினெட்டு மஞ்சள்.
அவர்கள் தீர்மானம் நாலு ஓட்டில் தோற்றது.

கோட்டு போட்டவர்கள் தொலைக்காட்சியில் விளக்கினார்கள்:
போட்டி நாடு கொடுத்த இரண்டு கப்பல்தான் காரணமாம்.
அந்தக் கப்பல்களை எனக்குத் தெரியும்.
பித்தளைத் தகட்டில் எங்கள் தீவின் பெயரையே
பிழையாகப் பொறித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.
அதையும் கவனத்தில் கொண்டோம்.
வரைபடத்தில் அம்பு போட்டுக் காட்டினார்கள்,
பணத்துக்குச் சிவப்பு, படைக்கு நீலம்.
கருவாட்டுக்கு அம்பு இல்லை.
மற்ற பதினெட்டு பேரும்
எந்தெந்த அறையில் எத்தனை மணி நேரம் இருந்தார்களோ.

படகுத்துறை வரவில்லை.
இன்சுலின் வரும் நாளில் என் அக்கா
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
பெட்டியைத் தலையில் சுமந்து கரையேறுகிறாள்.
போனில் கேட்டாள்: "அந்த ஓட்டு நீ போட்டதா?"
நான் தட்டச்சு மட்டும்தான் என்றேன்.
"ரேடியோவில் கேட்டப்ப நல்லாத்தான் இருந்தது."
கொஞ்ச நேரம் அலைச் சத்தம்.
"பவளம்தான் காலைக் கிழிக்குது."

அடுத்த மாதம் புதுத் தூதர் வருகிறார்.
பழையவரை மாற்றிவிட்டார்கள், பாவம்.
முன்கூட்டியே குறிப்பு வந்திருக்கிறது:
அமைச்சருக்கு என்ன பரிசு பிடிக்கும்,
விருந்தில் என்னென்ன உண்டு.
அமைச்சர் படித்துவிட்டு
நெடுநேரம் காயலைப் பார்த்தார்.
"கருவாடு," என்றார். "தலையோடு."

நான் தட்டச்சு செய்தேன்:
'எளிய உள்ளூர் உணவு.'